பாடத்தில் இல்லாத ஊர்

எழுபதுகளில் கீழடிப் பக்கம் கிணறு வெட்டியவர்கள், மண்ணோடு சேர்த்துப் பழைய செங்கலையும் பானை ஓட்டையும் வாரி வரப்பில் கொட்டினார்கள். அந்தச் செங்கல் இன்றைய செங்கலைவிடப் பெரிதாக இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் அதைத் தங்கள் வரலாற்று ஆசிரியரிடம் சொன்னார்கள். அவர் கிடைத்ததைச் சேர்த்து வைத்தார்; தொல்லியல் துறைக்கும் தெரிவித்தார். ஆனால் அந்த மண்ணில் முறையான அகழாய்வு தொடங்கியது 2014-15-ல்தான். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன.

இன்று கீழடித் தென்னந்தோப்புகளுக்குப் பக்கத்தில், கொந்தகையில், 31 ஆயிரம் சதுர அடியில் ஓர் அருங்காட்சியகம் நிற்கிறது. 18 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டுச் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் கட்டி, 2023 மார்ச் 5 அன்று திறந்தார்கள். முற்றம், தூண்கள், ஓட்டுத் தாழ்வாரம், அவற்றைச் சுற்றிக் காட்சிக் கூடங்கள். அன்று வரப்பில் கிடந்த ஓடு இன்று கண்ணாடிக்குள் விளக்கொளியில் இருக்கிறது. நாற்பது ஆண்டு மௌனத்தைப் பார்த்தவருக்கு இந்த மாற்றம் எத்தனை பெரிது என்று தெரியும். அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர், பள்ளிகள் பிள்ளைகளை அழைத்து வரும் நாட்களில், அந்தக் கூடங்களில் சம்பளமோ பதவியோ இல்லாமல் விளக்கம் சொல்லிக்கொண்டு நடக்கிறார்.

தன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல டீச்சர் என்றே எழுதுகிறேன். திருப்புவனம் வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சமூக அறிவியல் நடத்தியவர். அவர் வேலையில் சேர்ந்தபோது அந்த வட்டாரம் ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. எண்பதுகளின் நடுவில் சிவகங்கை தனி மாவட்டமானது. 58 வயதில் அவர் ஓய்வு பெற்றது 2013-ல். அடுத்த சில மாதங்களில்தான் இந்தியத் தொல்லியல் துறையினர், வைகை பிறக்கும் மலையடிவாரத்தில் தொடங்கி அது கடலில் சேரும் அழகன்குளம் வரை இரு கரையிலும் நடந்து 293 தொல்லியல் இடங்களைக் குறித்தார்கள். அவற்றுள் கீழடியையும் தேர்ந்துகொண்டு, கி. அமர்நாத் ராமகிருஷ்ணா தலைமையில் குழி போட்டார்கள். டீச்சர் வகுப்பறையில் இருந்த காலம் முழுவதும் பாடநூலில் கீழடி என்ற சொல்லே கிடையாது. அந்தச் சொல் பாடநூலுக்குள் வந்தபோது அவர் வகுப்பறையில் இல்லை.

மொகஞ்சதாரோவின் பெருங்குளத்தை வருடந்தோறும் கரும்பலகையில் வரைந்ததை நினைவு வைத்திருக்கிறார். படிக்கட்டு எந்தப் பக்கம், வடிகால் எந்தப் பக்கம் என்று இன்றைக்கும் கை தானாகப் போடுமாம். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஒரு நகரத்தின் செங்கல் வடிகாலை அவர் வரைந்துகொண்டிருந்த அதே நேரத்தில், பேருந்தில் சில நிமிடத் தொலைவில் செங்கல் சுவர்களும் சுடுமண் உறைகிணறுகளும் தென்னை வேர்களுக்குக் கீழே கிடந்தன. அதைச் சொல்லும்போது அவர் குரலில் குறை எதுவும் இல்லை. “புத்தகத்துல இருந்ததைச் சொன்னேன். மண்ணுக்குள்ள இருந்தது யாருக்குத் தெரியும்?” என்றார். ஆனால் அவருக்குக் கொஞ்சம் தெரிந்திருந்தது. பிள்ளைகள் டிரவுசர் பையில் ஓட்டுச்சில்லு கொண்டுவருவார்கள். ஒரு பக்கம் கருப்பு, மறுபக்கம் சிவப்பு. அதை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டு வைப்பார். எவ்வளவு பழையது என்று பிள்ளைகள் கேட்டால், ரொம்பப் பழையது என்பதற்கு மேல் சொல்ல அவரிடம் எதுவும் இல்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் ஆளோ, ஒப்பிட்டுப் பார்க்க ஓர் இடமோ பக்கத்தில் இருந்ததில்லை.

தமிழ்நாட்டில் மண்ணுக்கு அடியில் கிடைத்தது அந்த ஊரில் தங்கிய வழக்கமும் அன்று இல்லை. ஆதிச்சநல்லூரில் 1876-ல் தோண்டிய ஜாகோர், எடுத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னர் அலெக்சாண்டர் ரீ 1899 முதல் சில ஆண்டுகள் தோண்டி எடுத்த பொருட்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் சேர்ந்தன. எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது, அரிய சேகரிப்பு, பாதுகாத்து வைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் தாமிரபரணிக் கரைப் பிள்ளை தன் ஊர் முதுமக்கள் தாழியைப் பார்க்கச் சென்னைக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது. எத்தனை பிள்ளைகளால் அது முடியும்? ஆதிச்சநல்லூரிலேயே, தோண்டிய குழியின் மேல் கண்ணாடி போட்டுக் காட்டும் அருங்காட்சியகம் வந்தது 2023 ஆகஸ்டில். கீழடிக்கும் ஆதிச்சநல்லூருக்கும் ஒரே ஆண்டில் இது நடந்தது. பொருள் ஊரை விட்டுப் போன காலம் போய், ஊர்ப் பொருளைப் பார்க்க உலகம் வரும் காலம் வந்திருக்கிறது. தமிழகத்துத் தொல்லியலில் இந்த ஒன்றரை நூற்றாண்டில் நடந்த பெரிய திருப்பம் இதுதான் என்பது என் எண்ணம்.

டீச்சர் பணியிலிருந்த காலத்தில் வரலாற்றைக் கண்ணால் காட்டுவது என்றால் வருடத்துக்கு ஒரு சுற்றுலா. பேருந்தில் மதுரைக்குப் போய், திருமலை நாயக்கர் மகாலின் தூண்களைக் கட்டிப்பிடிக்கவிட்டு, தமுக்கத்துக்குப் பக்கத்தில் ராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959 முதல் இயங்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போவார். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த, இரத்தக் கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அந்தக் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் மட்டும் பிள்ளைகள் சத்தம் போடாமல் நிற்பார்கள் என்கிறார். ஒரு பொருளுக்கு முன்னால் பிள்ளை தானாக வாயை மூடிக்கொள்வதை அவர் அங்கேதான் முதலில் பார்த்தாராம். சுற்றுலாவுக்குக் காசு கட்ட முடியாமல் வகுப்பில் பாதிப் பேர் நின்றுவிட்ட ஆண்டுகளும் உண்டு. போன பிள்ளைகள் திரும்பி வந்து, போகாதவர்களுக்குச் சொன்னதோடு சரி.

இன்று மதுரையிலிருந்து பரமக்குடி போகும் நான்கு வழிச்சாலையில் வந்து, சிலைமான் பக்கம் திரும்பினால் கீழடி. மதுரையிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர்தான். பள்ளி வேன்கள் வரிசையாக நிற்கின்றன. தென்காசியிலிருந்தும் சேலத்திலிருந்தும் விடியற்காலையில் கிளம்பி வந்த பேருந்துகளை நான் பார்த்தேன்.

அகழாய்வு தொடங்கிய நாட்களில் டீச்சர் வெறும் பார்வையாளர். குழிக்குச் சற்றுத் தள்ளிக் கயிறு கட்டியிருப்பார்கள். அதற்கு வெளியே நின்று பார்ப்பார். குழிக்குள் இறங்கி வேலை செய்தவர்களில் பலர் சுற்றுவட்டாரப் பெண்கள். அவர்களில் சிலர் அவரிடம் எட்டாம் வகுப்புவரை படித்து நின்றுபோனவர்கள். களையெடுத்த கைகள் சாந்துக் கரண்டியும் பிரஷ்ஷும் பிடிக்கப் பழகியிருந்தன. ஓர் ஓட்டைக் கையில் எடுத்த மாத்திரத்தில், இது கருப்பு-சிவப்பு, இது வெறும் சிவப்பு, இது விளிம்பு, இது அடிப்பாகம் என்று பிரித்துப் போடுவார்கள். ஒருத்தி மேலே ஏறி வந்து, “டீச்சர், இதுல எழுத்து இருக்கு, பாருங்க” என்று தூரத்தில் வைத்தே காட்டினாளாம். “நான் அவளுக்கு அசோகர் கல்வெட்டுன்னு பாடம் நடத்தினேன். எழுத்தை அவதான் எனக்குக் காட்டினா.” இதைச் சொன்னபோது டீச்சர் சற்று நேரம் பேசவில்லை.

முதல் சில பருவங்களின் குழிகளை ஆய்வு முடிந்ததும் மண் போட்டு மூடினார்கள். தோப்பு தனியார் நிலம். நிலத்துக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பார்த்தவர் நினைவிலும் துறையின் பதிவுகளிலும் மட்டும் அந்தச் சுவர்கள் தங்கின. பின்னர் குழிகளை அப்படியே விட்டுப் பார்க்க வைக்கும் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கு வேலை தொடங்கினார்கள். மூடியே ஆக வேண்டியிருந்த காலத்திலிருந்து திறந்து வைக்கும் காலத்துக்கு வர எட்டுப் பத்து ஆண்டுகள்தான் ஆயின.

2018-ல் நடந்த நான்காம் பருவத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை பொறுப்பேற்றது. அந்த ஒரு பருவத்தில் மட்டும் கிடைத்த தொல்பொருட்கள் 5,820. எழுத்துப் பொறித்த ஓடுகள் 56. ஆதன், குவிரன் ஆதன் என்ற பெயர்கள் அவற்றில் இருந்தன. ஆதன் என்பது சங்கப் பாடல்களிலும் சேர மன்னர் பெயர்களிலும் வரும் பெயர். டீச்சர் வாய்ப்பாடம் சொல்லிக்கொடுத்த காலத்தில் அது ஏட்டுப் பெயர் மட்டுமே. இப்போது சொந்தக்காரரே தன் பானையில் ஆணியாலோ கூரான எதனாலோ கீறி வைத்த பெயர். அமெரிக்காவில் மயாமி நகரிலுள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிய ஆறு கரிம மாதிரிகளில், 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்று கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்று முடிவு வந்தது. 2019 செப்டம்பரில் அந்த அறிக்கை வெளியானதும் கீழடிக்குக் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தின் காலத்தைக் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து ஆறாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகலாம் என்றது அறிக்கை. எழுத்தின் காலம் குறித்து ஆய்வாளர்களிடையே விவாதம் இன்னும் ஓயவில்லை.

இந்த விவாதத்தையும் டீச்சர் பிள்ளைகளிடம் மறைப்பதில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன், “டீச்சர், அப்ப உலகத்துலயே மூத்தவங்க நாமதானா?” என்று கேட்டான். அவனோடு வந்த பிள்ளைகள் கை தட்டத் தயாராக இருந்தார்கள். டீச்சர் சிரித்தார். “பெருமையா இரு சாமி. ஆனா ஒருத்தன் எப்படின்னு கேட்டா, இந்தா பாருன்னு காட்டத் தெரியணும். காட்ட முடிஞ்ச அளவுக்குத்தான் பேசணும்” என்றார். பிறகு எத்தனை மாதிரி, எந்த ஆழம், எதற்காக இன்னும் நிறைய மாதிரிகள் வேண்டும் என்று ஐந்து நிமிடம் விளக்கினார். அன்று வகுப்பறையில் பாடநூல் சொன்னதே முடிவு. கேள்வி கேட்டால் பக்க எண்ணைச் சொன்னால் போதும். இன்று அதே ஆசிரியர், ஒரு முடிவு எப்படி எட்டப்படுகிறது என்பதைச் சொல்லிக்கொடுக்கிறார். வரலாற்றுப் பாடத்துக்கு நம் காலத்தில் கிடைத்த நன்மைகளில் இதை நான் முதலில் வைப்பேன்.

அவர் தோள்பையில் ஒரு சணல் கயிறு இருக்கிறது. நீளம் 353 சென்டிமீட்டர். முற்றத்தில் இரண்டு பிள்ளைகளை ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிற்கச் சொல்வார். பதினொன்றரை அடி. இரண்டு ஆள் உயரம். இந்தக் கயிற்றை நிமிர்த்தி நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு கீழே இறங்கினார்கள், மண்ணை வாரி எறிந்துகொண்டு அல்ல, கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, ஒவ்வொரு படியிலும் கிடைத்ததை எழுதி வைத்துக்கொண்டு என்பார். எண் ஒன்றைக் கேட்டுவிட்டு மறக்கிற பிள்ளைகள் கயிற்றைப் பிடித்த பிறகு மறப்பதில்லை. தொடுதிரையும் காணொளியும் அங்கேயே இருக்கின்றன, நன்றாகவும் செய்திருக்கிறார்கள். ஆனால் ஆழம் என்பதை அந்தச் சணல் கயிறு காட்டிய அளவுக்கு வேறெதுவும் காட்டி நான் பார்க்கவில்லை.

அருங்காட்சியகத்தை ஆறு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், கலம் செய்கோ, ஆடையும் அணிகலன்களும், கடல்வழி வணிகம், வாழ்வியல். டீச்சர் எல்லாவற்றையும் சரிசமமாகக் காட்டுவதில்லை. தங்கத் துண்டுகளுக்கு முன்னால் கூட்டம் தானாக நிற்கும். அங்கே அவர் அதிகம் பேசுவதில்லை. அவர் நிற்கும் இடம் தக்ளிகள் வைத்திருக்கும் பெட்டி. சுடுமண்ணால் ஆன சின்ன வட்டுகள், நடுவில் துளை. பெரும்பாலான பிள்ளைகள் மணி என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள்.

டீச்சர் பையிலிருந்து தன் தக்ளியை எடுப்பார். மெல்லிய கம்பி, அடியில் பித்தளை வட்டு. அறுபதுகளில் அவர் தொடக்கப் பள்ளியில் படித்தபோது கைத்தொழில் வகுப்பில் நூற்றது. பஞ்சுப் பட்டையை இடது கையில் பிடித்து, கம்பியை வலது கை விரலால் சுண்டி விடுகிறார். தக்ளி சுழன்றுகொண்டே இறங்குகிறது. பஞ்சு நூலாகி நீள்கிறது. வட்டின் எடைதான் சுழற்சியை நிறுத்தாமல் வைத்திருக்கிறது, எடை குறைந்தால் சீக்கிரம் நின்றுவிடும், கூடினால் நூல் அறுந்துவிடும் என்கிறார். பிறகு கண்ணாடிக்குள் இருக்கும் சுடுமண் வட்டைக் காட்டி, “அந்த ஓட்டைக்குள்ள ஒரு குச்சி இருந்துச்சு. அது மக்கிப் போச்சு. வட்டு மட்டும் மிச்சம். இப்ப என்னன்னு தெரியுதா?” என்று கேட்கிறார். தெரிகிறது. ஒரு சிறுமி சட்டென்று பக்கத்துப் பெட்டிக்குப் போய், கூர்மையாகச் சீவிய எலும்புத் துண்டுகளைக் காட்டி, “அப்ப இது நெய்யிறதுக்கா டீச்சர்?” என்றாள். நூற்றது, நெய்தது, அணிந்தது என்று அந்தக் கூடம் முழுவதும் அவளுக்குத் திறந்துகொண்டது. அவள் கேட்டது சரிதான். நெசவில் நூலை ஒதுக்கவும் வடிவம் போடவும் அத்தகைய எலும்பு முனைகள் பயன்பட்டிருக்கலாம் என்றே அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இங்கே ஓர் இழப்பையும் சொல்ல வேண்டும். டீச்சரின் தலைமுறைக்குக் கைத்தொழில் வகுப்பு இருந்தது. பிள்ளைகளுக்கு நூற்கத் தெரியும். பாய் முடையத் தெரியும். மண் பிசைந்து அடுப்புப் போடத் தெரியும். கீழடியில் கிடைத்ததில் பாதிப் பொருட்களை அவர்கள் பாட்டி வீட்டுப் புழக்கடையில் பார்த்திருப்பார்கள். ஆனால் அந்தத் தலைமுறைக்கு அருங்காட்சியகம் இல்லை. இன்றைய பிள்ளைக்கு அருங்காட்சியகம் இருக்கிறது. வீட்டில் மண் சட்டியோ அம்மியோ இல்லை. எழுபதில் இருக்கும் ஒருவர் இரண்டையும் சேர்த்துத் தைக்கிறார். இவர்கள் தலைமுறை போன பிறகு அந்த வட்டு வெறும் வட்டாக ஆகிவிடுமோ என்ற கவலை எனக்கு உண்டு.

கலம் செய்கோ பகுதியில் கருப்பு-சிவப்புப் பானைகளுக்கு முன்னால் அவர் கேட்பது ஒரே கேள்வி: ஒரே பானை, ஒரே சூளை, உள்ளே ஏன் கருப்பு, வெளியே ஏன் சிவப்பு? பெயின்ட் என்பார்கள் சிலர். கரி பிடித்திருக்கிறது என்பார்கள் வேறு சிலர். கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்றுப் போகாது, அதனால் கருத்துவிடும். வெளிப்புறத்தில் தீயும் காற்றும் பட்டுச் சிவக்கும் என்று அவர் விளக்கியதும், வேதியியல் படிக்கும் பெரிய பிள்ளைகள் முகத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது. முன்பு மேசை இழுப்பறையில் போட்டு வைத்த ஓட்டுக்கு அன்றைக்குச் சொல்ல முடியாத பதிலை இப்போது சொல்கிறார். அந்த இழுப்பறை ஓடுகள் என்ன ஆயின என்று கேட்டேன். பள்ளிக் கட்டடத்தை இடித்துக் கட்டியபோது போயிருக்க வேண்டும் என்றார்.

அந்த ஓடுகள் கையிலெடுத்துத் தடவிப் பார்த்த ஓடுகள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைத் தொட முடியாது. “டீச்சர், தொடலாமா?” என்பதுதான் ஒவ்வொரு கூட்டத்திலும் முதலில் வரும் கேள்வி. கூடாது என்று சொல்வதில் அவருக்குத் தயக்கம் இல்லை. ஏன் கூடாது என்பதையும் சொல்கிறார். ஓட்டை மண்ணிலிருந்து பிடுங்கிப் பையில் போட்ட உடனே அது எந்த ஆழத்தில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி போய்விடுகிறது. டிரவுசர் பையில் வந்த ஓடு எத்தனை அருமையாக இருந்தாலும் அதற்குக் காலம் சொல்ல முடியாது. அன்று கை நிறைய இருந்தது, சாட்சி இல்லை. இன்று சாட்சி இருக்கிறது, கைக்கு எட்டாத தூரத்தில். இரண்டில் எது வேண்டும் என்றால் நானும் சாட்சியைத்தான் கேட்பேன். ஆனால் வயலில் நடக்கும்போது தரையைப் பார்த்து நடக்கும் பிள்ளைகள் இப்போது குறைந்துவிட்டார்கள். மேட்டு நிலத்தில் ஓடு மின்னினால் நின்று பார்க்கும் அந்தக் கண் எந்தக் காட்சிக் கூடத்திலும் கிடைக்காது. எழுபதுகளில் அந்தக் கண் இல்லையென்றால் கீழடி பற்றிய முதல் தகவலே போயிருக்காது.

இன்னொரு குறை நேரம். தூரத்திலிருந்து வரும் பள்ளிகள் ஒரே நாளில் மீனாட்சி கோவில், மகால், கீழடி, பிறகு பாம்பன் என்று திட்டம் போட்டு வருகின்றன. கீழடிக்கு முக்கால் மணி நேரம். ஆறு பகுதிகளை முக்கால் மணி நேரத்தில் பார்த்தால் பகுதிக்கு ஏழெட்டு நிமிடம். அதில் பாதி வரிசையில் போய்விடும். பெட்டிக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு நகர்கிறார்கள். செல்பேசியைக் குறை சொல்ல டீச்சர் விரும்பவில்லை. விளக்கப் பலகையைப் படம் பிடித்துக்கொண்டு போய் வீட்டில் எழுதிப் பார்த்து, மறுவாரம் தமிழியில் தன் பெயரை எழுதிக் கொண்டுவந்து காட்டிய பெண்ணைப் பற்றிச் சொன்னார். ககரம் கூட்டல் குறி போல, ரகரம் ஒரு நேர்க்கோடு. பிடித்துவிட்டால் ஒரு மாலையில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெண் பக்கத்து ஊர். மறுவாரம் வர முடிந்தது. சேலத்துப் பிள்ளைக்கு அந்த முக்கால் மணிதான்.

கொந்தகை பற்றியும் ஒன்று. டீச்சர் சிறுமியாக இருந்தபோது, தாழி கிடைக்கும் மேட்டுப் பக்கம் மாலையில் பிள்ளைகளை விடமாட்டார்கள். பேய் நடமாடும் இடம் என்பார்கள். அதே கொந்தகையின் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளை வைத்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை மீட்டு உருவாக்கி 2025-ல் வெளியிட்டார்கள். பயந்து ஒதுங்கிய மேட்டிலிருந்து இரண்டு முகங்கள் எழுந்து வந்தன. டீச்சர் அந்தப் படத்தைச் செய்தித்தாளிலிருந்து வெட்டி வைத்திருக்கிறார். பிள்ளைகளிடம் காட்டி, “நம்ம தெருவுல பார்த்த மாதிரி இல்ல?” என்று கேட்பார். முகத்தின் நிறமும் முடியும் கணித்துச் சேர்த்தவை, எலும்பு சொல்வது அமைப்பை மட்டும்தான் என்றும் சொல்லிவிடுவார்.

மதியத்துக்கு மேல் அவருக்குக் கால் வலிக்கிறது. முற்றத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். வகுப்பறையில் அறுபது பேர் முன்னால் நின்ற நாட்களுக்கும் இப்போதைக்கும் என்ன வேறுபாடு என்று கேட்டேன். அன்று தேர்வு இருந்தது, அதனால் பிள்ளைகள் கேட்டார்கள். இன்று தேர்வு இல்லை, கேட்கிற பிள்ளை உண்மையாகவே கேட்கிறது என்றார். அன்று ஒரு பிள்ளையைப் பத்து மாதம் பார்ப்பேன், அவன் எதை மறந்தான் என்றும் தெரியும். இன்று ஒரு மணி நேரம், பிறகு பார்க்கவே போவதில்லை என்றும் சொன்னார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். எதை அவர் விரும்புகிறார் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, கேட்கவும் இல்லை.

பள்ளிகளிடம் ஒரு வேண்டுகோள். கீழடிக்கு வந்தால் அரை நாளாவது அதற்கே ஒதுக்குங்கள். வருவதற்கு ஒரு வாரம் முன்பே வகுப்பில் பேசிவிட்டு வாருங்கள். பணி நிறைவு பெற்ற ஆசிரியர்களிடம் இன்னொன்று. புதுக்கோட்டையில் 1910 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. திருச்சி, சேலம், வேலூர், கடலூர், ஈரோடு, கிருஷ்ணகிரி, திருநெல்வேலி, சிவகங்கை என்று பல ஊர்களில் அரசு அருங்காட்சியகங்கள் உள்ளன. பல நாட்களில் அங்கே பொருட்கள் மட்டும் இருக்கின்றன. சொல்ல ஆள் இல்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதற்கு ஒருமுறை போய், பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்ல வரலாமா என்று காப்பாட்சியரைக் கேளுங்கள்.